கொக்கிக் கால்

அடிச்சிராதீங்க அண்ணாச்சி! பேப்பரக் கீழ இறக்குங்க. அந்த ஈ உங்கள ஒண்ணும் செய்யாது. அதுக்கு வேற சோலி இருக்கு. வாயில பாருங்க, ஒரு கொசுத்தேனீயக் கவ்வி வச்சிருக்கு. பறந்து போறதப் பறந்தே பிடிக்கும். பிடிச்சு ஒரு குத்து. உள்ள இருக்கதெல்லாம் கரைஞ்சு தண்ணியாயிரும். உறிஞ்சிட்டு, சக்கையக் கீழ போட்டுட்டு, அடுத்தது எங்கன்னு பாக்கும். கொள்ளைக்கார ஈன்னு பேரு. மனுசனுக்கு வைக்க வேண்டிய பேர, பாவம், இதுக்கு வச்சிருக்காவ.

கண்டக்டர் என்ன சொன்னாரு, மாத்து வண்டி வர முக்கா மணி நேரம் ஆகும்னா? ஆகட்டும். நாங்குநேரி தாண்டி இப்படி பஸ்ஸு படுத்துப்போயி நடுக்காட்டுல வெயில்ல நிக்கணும்னு இன்னைக்கு எந் தலையில எழுதியிருக்கு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. நாகர்கோயில்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். விசேசமா? விசேசமும் இல்ல, எழவும் இல்ல. இன்னைக்கு நாலு மணிக்கு நான் திருநெவேலில இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இருங்க, போனு அடிக்கி. அவதான். அடிக்கட்டும். காலையில இருந்து ஆறாவது தடவ.

யாருன்னு கேக்கியளா? சொல்லுதேன். முதல்ல நான் யாருன்னு சொல்லிருதேன், இல்லேன்னா ரோட்டோரம் ஈயப் பாத்துக்கிட்டு நிக்கிற கோட்டின்னு நெனச்சிருவிய. எம் பேரு ஆவுடையம்மா. ஒரு காலேஜில பூச்சி ரூம்ல வேல. இருவத்திரண்டு வருசம். பிள்ளைய பூச்சியப் பிடிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிரும். அத ஊசில குத்தி, இறக்கைய விரிச்சு, காயவச்சு, லேபிள் எழுதி, பெட்டியில அடுக்கி, எறும்பு வராம அந்துருண்டை வச்சு, கால் ஒடிஞ்சா ஒட்டி, கொம்பு ஒடிஞ்சா ஒட்டி, எல்லாம் நான். சார்மாரு வருவாவ, போவாவ, புரமோசன்ல போவாவ. பெட்டி எம் பெட்டி.

அதுலயும் இந்தக் கொள்ளைக்கார ஈ இருக்கே, இது என் தனிச் சொத்து. எங்க ரூம்ல ஆயிரத்துச் சொச்சம் இருக்கு. பூராவும் நான் பிரிச்சது. சார்மாரு லத்தீன்ல பேரு சொல்லுவாவ, எனக்கு அது வாயில நுழையாது. எனக்கு நான் வச்ச பேருதான். சொல்லட்டா? சும்மாதான நிக்கோம்.

முதல்ல தலையப் பாக்கணும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உச்சியில ஒரு பள்ளம். மூஞ்சியில தாடி. பிடிச்ச பூச்சி துள்ளுனா கண்ணுல படாம இருக்க அந்தத் தாடி. பள்ளமும் தாடியும் இருந்தா கொள்ளைக்கார ஈ. அது வரைக்கும் யாரும் சொல்லிருவாவ. பொறவு எந்தக் கூட்டம்னு பிரிக்கணும்லா, அங்கதான் படிச்சவுக முழிப்பாவ. இறக்கையில நரம்பு ஓடும். முன் ஓரத்துல ஒரு அறை. அந்த அறை ஓரம் வரைக்கும் திறந்து கெடக்கா, இல்ல அதுக்கு முன்னாலயே மூடிருதா? திறந்து கெடந்தா உடனே முன்னங்காலப் பாரு. முழங்காலுக்குக் கீழ, தண்டு முடியுற இடத்துல, வளைஞ்ச ஒரு முள்ளு இருந்தா அது கொக்கிக்காரன். இடுப்பு ஈர்க்குச்சி மாதிரி, பாதத்துல மெத்தை இல்லாம இருந்தா ஒல்லியான். அறை மூடியிருந்தா வேற கூட்டம். கருவண்டு மாதிரி ரோமமும் தொந்தியுமா இருக்கது தடியன். கொம்பு நுனியில இறகு மாதிரி இருந்தா இறகுக்கொம்பன். அந்தா கம்பி மேல இருக்குலா, அது ஊசிவாலி. வாலு முனையப் பாருங்க, தையல் ஊசி கணக்கா.

இதுல ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சிக்கிடுங்க. மூடுன அறையும் முன்னங்கால் கொக்கியும் ஒரே ஈயில நான் பாத்ததில்ல. ஆயிரம் ஈயிலயும் பாத்ததில்ல.

மூணு வருசத்துக்கு முன்னால ஒருத்தி வந்தா. ரிஸ்வானான்னு பேரு, மேலப்பாளையத்துப் பிள்ள. டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவ. எடுத்ததே கொள்ளைக்கார ஈதான். வந்த நாள்ல இருந்து யக்கா யக்கான்னு எங் காலையே சுத்திக்கிட்டு கெடப்பா. எஞ் சோத்து டப்பாவுல கைய விட்டுத் தின்னவ. எங்க வீட்டுக்காரருக்கு மூட்டுவலின்னதும் தைலம் வாங்கிட்டு வந்தா. எல்லாம் நடிப்பு அண்ணாச்சி! எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒருநாள் பெட்டியத் திறக்கேன், நான் எழுதுன லேபிளுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி. எம் பெட்டியில! இருவத்திரண்டு வருசத்துல எம் பெட்டிக்குள்ள ஒருத்தன் கேள்விக்குறி போட்டதில்ல. நான் ஊசிவாலின்னு வச்சிருந்தேன், அவளுக்குச் சந்தேகமாம், இறகுக்கொம்பனா இருக்குமோன்னு. சரி, லென்ஸ வச்சுப் பாத்தா இறகு இருக்கத்தான் செஞ்சுது. அதுக்கு? எங்கிட்ட வந்து வாயால சொன்னா என்ன? கேட்டா, 'நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்திய, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சேங்க்கா'ங்கா. பாருங்க சாமர்த்தியத்த!

அன்னைக்குத்தான் பெட்டி விழுந்துச்சு.

எப்படி விழுந்துச்சுன்னு கேட்டா? விழுந்துச்சு, அவ்வளவுதான். கையில இருக்கது விழத்தான செய்யும், பின்ன வானத்துல இருந்தா விழும்? கொஞ்சம் வேகமா அலமாரியில தள்ளுனேன். மனுசிக்குக் கோவம் வராதா? இடிச்சுக்கிட்டு கீழ வந்துட்டு. மூணு ஈ உடைஞ்சுபோச்சு. ரூம்ல வேற யாரும் இல்ல. அதுல ஒண்ணு, அந்த ரிஸ்வானா செங்கோட்டைப் பக்கம் ஒரு தோப்புல பிடிச்சுக் கொண்டாந்த பெரிய ஈ. ஒரே ஒரு ஈதான் கெடச்சுது. பிடிக்கும்போதே ஒரு முன்னங்கால் இல்ல. இருந்த இன்னொண்ணும் இப்ப ஒடிஞ்சுபோச்சு.

ஒடிஞ்சா என்ன செய்வோம்? ஒட்டுவோம். எதோடதுன்னு தெரியாத கால ஒட்டக் கூடாது, சின்னத் தாள்ல மடிச்சு அதே ஊசில கீழ குத்தி வைக்கணும். அது சட்டம். அந்தச் சட்டத்தப் புதுசா வாற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லுவேன். ஆனா முன்னங்கால் ரெண்டும் இல்லாம நின்னா மறுநாளே கேப்பாளா இல்லையா? பெட்டி விழுந்தது சாருக்குப் போகுமா இல்லையா? கீழ ஒரு முன்னங்கால் கெடந்துச்சு. எடுத்து ஒட்டுனேன். இதுல என்ன குத்தம்? கால் இல்லாததுக்குக் கால் வச்சேன்.

அதோட கால்தானான்னா கேக்கிய? நீங்களும் விசாரண கமிட்டில இருந்து வந்தவரா அண்ணாச்சி? அதோட கால் என் செருப்புக்கு அடியில போயிட்டு. பவுடர். அத எங்க ஒட்ட? சரி, கேளுங்க.

நாலு மாசம் கழிச்சு பால்வண்ணன் சார், அவருதான் எங்க ரூமுக்குப் பெரிய சார், அந்தப் பெட்டியத் திறந்து பாத்தாரு. பாத்தவரு, 'ஏ ஆவுடை, இங்க வா'ன்னாரு. அண்ணாச்சி, இருவத்திரண்டு வருசத்துல அவரு எம் பேரச் சொன்னது அன்னைக்குத்தான். மத்த நாளெல்லாம் 'ஏம்மா'தான். 'இதப் பாரு, அறை மூடியிருக்கு, கால்ல கொக்கி இருக்கு, இப்படி ஒண்ணு உலகத்துலயே கெடையாது, புதுக் கூட்டம்'னு குதிக்காரு. சொல்லலாம்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவரு, 'இத இவ்வளவு பத்திரமா வச்சிருந்தது நீதான, இதுக்கு உம் பேரையே வைக்கலாம்னு ரிஸ்வானா சொல்லுதா, எனக்கும் சம்மதம்'னாரு.

எம் பேரு! பின்னால ஒரு வால் சேத்து லத்தீன்ல வைப்பாவளாம். உலகம் பூரா அப்படித்தான் கூப்புடுவாவளாம். நான் செத்து மண்ணாப்போனாலும் அது இருக்குமாம். எங்க அப்பா எம் பேர ரேசன் கார்டுலயே பத்து வருசம் கழிச்சுத்தான் சேத்தாரு. நீங்களே சொல்லுங்க, யாரு வாயத் திறப்பா?

தெருவுல ஒரு வீடு விடாம சொன்னேன். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு, 'கொள்ளைக்கார ஈக்குச் சரியான ஆள் பேரத்தான் வச்சிருக்காவ'ன்னு கேலி பேசுனாரு. பேசட்டும், அவரு பேர ஒரு கொசுக்குக் கூட எவனும் வைக்க மாட்டான்.

யோசனை சொன்னது ரிஸ்வானாதான், இல்லங்கல. குடுத்தவளே பிடுங்கலாமா, அதச் சொல்லுங்க!

போன மாசம் அந்த ஈயப் பெரிய கேமராவுல படம் எடுக்க வெளியூருக்குக் கொண்டுபோனா. ஒரு கால் ஒரு முழம் நீளம் தெரியுமாம். வந்தவ நேரா எங்கிட்ட வந்தா. கதவச் சாத்துனா. 'யக்கா, மத்த கால்ல எல்லாம் முடி கருப்பா இருக்கு, இந்தக் கால்ல மஞ்சளா இருக்கு. மூட்டுல ஒரு மினுமினுப்பு தெரியுது. இந்தக் கால் இதோடதுதானாக்கா?'ன்னா. மெதுவாத்தான் கேட்டா. கண்ணுல தண்ணி வேற. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! 'எந்த ஈக்குக் கால நான் மாத்தி ஒட்டியிருக்கேன், இருவத்திரண்டு வருசத்துல ஒண்ணு காட்டு'ன்னேன். கதவத் திறந்துக்கிட்டு போயிட்டா. ஒரு வாரம் சோறு திங்கவே வரல. அதுக்கப்பறம் நேரா சார்ட்ட போயி, இது புது ஈ இல்ல சார், கால் வேற ஈயோடதுன்னு சொல்லிட்டா.

சொல்லணுமா? யாருக்குத் தெரியப் போவுது? அவ படிப்புல பாதி அந்த ஈ மேலதான் நிக்கி. பேசாம இருந்தா அவளுக்கும் பட்டம், எனக்கும் பேரு, சாருக்கும் மாலை. கூட இருந்தே குழி பறிச்சிட்டா.

சாருக்கு என்ன, பெங்களூர்ல போயி மேடையேறிப் பேசிட்டு வந்துட்டாரு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லுவாரு? அதனால அவ மேல பாய்ஞ்சாரு. 'பட்டம் வாங்க நீயே கால் மாத்தி ஒட்டிட்டு, இப்ப மாட்டிக்கிடுவோம்னு நல்லவ வேசம் போடுதியா'ன்னு. கமிட்டி போட்டாவ. ஒட்டுனது அவதான்னு ஆயிட்டா அவ பதிவு ரத்து. மூணு வருசம் போச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு முடிவு.

போன் பாருங்க, மறுபடியும். கட் பண்ணிட்டேன்.

நேத்து ஆபீஸ் சூப்பிரண்டு என்னியக் கூப்புட்டாரு. ஒரு தாள நீட்டுனாரு. டைப் அடிச்சு ரெடியா வச்சிருக்காரு. 'மேற்படி பூச்சியின் முன்னங்காலை, பூச்சியியல் அறிவு இல்லாத காரணத்தால், அறியாமையால் நான் ஒட்டிவிட்டேன்.' கையெழுத்துப் போட்டா எனக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிருமாம். அந்தப் பிள்ளையும் தப்பிச்சிருமாம். சொல்லிட்டுச் சிரிக்காரு. 'பாவம், பத்தாங்கிளாஸ் படிச்சவ, உனக்கு எந்தக் கால் எதோடதுன்னு என்ன தெரியும்? நாங்க சொல்லிக்கிடுதோம்'ங்காரு.

எனக்கு உச்சந்தலையில தீப் பிடிச்ச மாதிரி வந்துச்சு அண்ணாச்சி. அறிவு இல்லாத காரணத்தாலயாம்! எனக்குக் கொக்கி தெரியாதாம்! அந்த ஆளுக்கு ஈக்கு எத்தன காலுன்னு கேளுங்க, எட்டும்பான். அந்தக் கால எடுத்த உடனே எனக்குத் தெரியும், அது கொக்கிக்காரனோட காலுன்னு. எடுக்கக் கூட வேண்டாம், தரையில கெடக்கும்போதே தெரியும்! தெரிஞ்சு, கை நடுங்காம, மூச்சப் பிடிச்சுக்கிட்டு...

என்ன பாக்கிய? தெரிஞ்சுதான் ஒட்டுனேன். அது வேற விசயம். தெரிஞ்சு செஞ்சேன்னு எழுதுனா சோலி போயிரும். தெரியாம செஞ்சேன்னு எழுதுனா நான் இருவத்திரண்டு வருசம் அந்த ரூம்ல என்னத்தப் புடுங்குனேன்? அதான் ரெண்டும் வேண்டாம்னு இன்னைக்கு லீவு போட்டுட்டு வண்டி ஏறிட்டேன். நாலு மணி தாண்டட்டும். அவ பாடு, சார் பாடு. எனக்கென்ன? சார்ட்ட போயிச் சொல்லத் தெரிஞ்சவளுக்குத் தப்பிக்கத் தெரியாதா?

அவ சார்ட்ட எம் பேரச் சொன்னாளான்னா? இல்ல. அது... சொல்லல. கால் வேற ஈயோடதுன்னுதான் சொல்லியிருக்கா. யாரு ஒட்டுனான்னு கேட்டதுக்கு, தெரியாதுன்னுட்டாளாம். அதுவும் ஒரு தந்திரம்தான அண்ணாச்சி. எம் மேல பழி வராம வச்சுக்கிட்டு, நானே வந்து உளறட்டும்னு.

அய்ய, சவத்துப் போனு, விடாது போலுக்கே. இன்னா, நீங்க எடுங்க. ஆமா, நீங்கதான். அந்த அக்கா போன விட்டுட்டு வள்ளியூர்ல இறங்கிட்டாவன்னு சொல்லுங்க. கெஞ்சுவா, நான் ஒட்டுனேன்னு லெட்டர் எழுதிக் கேப்பா, அழுவா, எரக்கப்பட்டுறாதீங்க. பேசுங்க, பேசுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.

என்ன? வச்சிட்டாளா? அதுக்குள்ளயா? என்ன அண்ணாச்சி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு? லெட்டர் கேட்டாளா? கேக்கலையா? பின்ன எதுக்கு விடாம அடிச்சா?

திருப்பிச் சொல்லுங்க. அவளே எழுதிக் குடுத்துட்டாளா? என்னன்னு? 'நான்தான் ஒட்டுனேன்'னா? காலையில பத்து மணிக்கே குடுத்துட்டாளா? அக்காவப் பயப்படாம திரும்பி வரச் சொல்லுங்க, இந்த வெயில்ல ஊர் ஊரா அலைய வேண்டாம்னா? அவ்வளவுதான் சொன்னாளா?

யாரக் கேட்டு எழுதுனா அவ? யாரக் கேட்டு?

அவ ஒட்டுனாளாம்! ஐயோ அண்ணாச்சி, அவளுக்குப் பசை தொடத் தெரியுமா? ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்தேன். ஊசி முனையில ஒரு துளி, அதையும் பாதி துடைச்சிட்டு வைக்கணும்னு. அவ ஒட்டுன ஈ நாலு இருக்கு, பாகுல விழுந்த எறும்பு மாதிரி பசையில மூழ்கிக் கெடக்கு! அந்தக் கொக்கிக் கால் யாரு ஒட்டுனது தெரியுமா? மாசக்கணக்கா பால்வண்ணன் சார் லென்ஸ வச்சு வச்சுப் பாத்தும் தெரியாத ஒட்டு அது. ஒரு முழத்துக்குப் பெரிசாக்குன பொறவுதான் மினுமினுப்புத் தெரிஞ்சுது. அத அவ ஒட்டுனேன்னு எழுதிக் குடுத்தா நம்பிருவாவளாக்கும்? நம்பிருவாவ! அந்த மூதிகளுக்கு என்ன தெரியும், நம்பிருவாவ. பதிவ ரத்து பண்ணி வீட்டுக்கு அனுப்பிருவாவ. இந்தக் கிறுக்குப் பிள்ளையும் பேசாம போயிரும். அவ உம்மா நகைய வித்துப் படிக்க வச்சவ, அவகிட்ட போயி என்னத்தச் சொல்லும்?

மணி என்ன? ஒண்ணே முக்காலா? அந்தா எதுத்தாப்புல வருதுலா, அது திருநெவேலி வண்டிதான? கைய காட்டுங்க அண்ணாச்சி, நல்லாக் காட்டுங்க, நிறுத்தாம போயிறப் போறான்! சோலி போனாப் போகுது, போங்க. தங்கச்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அந்தத் தாள்ல அறியாமையால்ங்கத அடிச்சிட்டு, தெரிஞ்சுதான் ஒட்டுனேன், பெட்டியப் போட்டதும் நான்தான்னு எங் கையால எழுதப் போறேன். அவளுக்கு இருக்கு இன்னைக்கு. ஒரு கால ஒழுங்கா ஒட்டத் தெரியாத கழுதைக்கு எங் கை வேலையத் தன் வேலைன்னு சொல்ல என்ன தைரியம்!

டிரைவரே, நிறுத்துங்க! ஆள் இருக்கு!